வீம்புக்கு ஓர் ஆப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனசுக்குள் ஊறிக் கிடந்து வெளிவந்ததல்ல. ஓர் அலறலில் பிறந்தது. அலறியது என் அக்கா. இடம், அவள் வீட்டுக் குளியலறை. காரணம், ஷவர் குழாயில் தலைகீழாகத் தொங்கிய ஒரு வௌவால். அத்தான் மாடியிலிருந்து ஓடிவந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு சோபாவில் சாய்ந்திருந்த நான், வேடிக்கை பார்க்க எழுந்தேன்.

இதில் கதை எங்கே என்கிறீர்களா? அக்காவின் பிழைப்பே வௌவாலை நம்பித்தான் ஓடுகிறது. வௌவால்களிடம் இருக்கும் கொரோனா வைரஸ்களோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறாள். ஆனால் உயிருள்ள ஒரு வௌவாலை அன்றுவரை பார்த்ததில்லை.

(நம்பித்தான் ஆகவேண்டும். வைரஸின் மரபணு அவளுக்கு மின்னஞ்சலில், வெறும் எழுத்துகளாக வந்து சேரும். அந்த எழுத்துகளின்படி டி.என்.ஏ. செய்வித்து, பாக்டீரியாவுக்குள் புகுத்தி, வேண்டிய புரதத்தைக் குடுவையில் வளர்த்துக்கொள்வாள். வௌவால் எங்கோ ஒரு குகையில் இருக்கும். இவள் இங்கே ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருப்பாள்.)

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்திருந்தேன்: "இருண்ட குகையில், சிறகுகளில் மரணத்தைச் சுமந்தபடி அவை..."

அக்கா அதற்கு மேல் படிக்கவில்லை.

"மரணமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அதுபாட்டுக்கு பூச்சியத் தின்னுட்டுத் தூங்குது. அந்த வைரஸ் பெரும்பாலும் அதையே ஒண்ணும் பண்றதில்ல."

"அப்ப வில்லன் யாரு?"

"வில்லன் இல்லாம உனக்கு எழுத வராதாடா?"

வரும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆகவே அந்த வாக்கியத்தைக் குகையிலேயே விட்டுவிட்டு, அக்காவின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். நீங்களும் வாருங்கள்.

3

வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும், அந்தச் செல்லையே வேலை வாங்கி நீளமான புரதச் சரடு ஒன்றைச் செய்துகொள்கிறது. சரடாகக் கிடக்கும்வரை அது எதற்கும் உதவாது. அங்கங்கே வெட்டித் துண்டாக்கினால்தான் வைரஸ் பெருக முடியும். வெட்டுகிற முக்கியமான நொதிக்கு ஆய்வகத்தில் செல்லப்பெயர் 'கத்தரி'. கத்தரியின் வாயில் எதையாவது செருகிவிட்டால் வைரஸின் ஆட்டம் க்ளோஸ். அப்படிச் செருகுவதற்காக அக்காவின் குழு உருவாக்கிய மருந்துக்குப் பெயர் 'ஆப்பு'. (நான் வைத்த பெயரில்லை. டப்பாவிலேயே அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.)

வெவ்வேறு வௌவால் வைரஸ்களிலிருந்து எட்டுக் கத்தரிகள். நாளைக்கு இவற்றில் எது மனிதர்மேல் தாவினாலும் கையில் மருந்து தயாராக இருக்கவேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஏழு கத்தரிகள் ஆப்பு பட்டதும் வாயடைத்துப்போயின. வெட்டுவதை அளக்கும் கருவியின் திரையில் கோடு படுத்தே கிடந்தால் கத்தரி அடங்கிவிட்டது, கோடு ஏறினால் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறது. எட்டாவதின் கோடு ஜம்மென்று ஏறியது. மருந்தைக் கூட்டிப் பார்த்தாள், அப்போதும் ஏறியது. அதற்கு 'வீம்பு' என்று பெயர் வைத்தாள்.

ஆய்வகத் தலைவரை அவர் காதில் விழாதபடி எல்லோரும் 'அவசரம்' என்பார்கள். வெள்ளிக்கிழமை அவர் அக்காவின் மேசைக்கு வந்தார்.

"திங்கட்கிழமை மருந்துக்கு அனுமதி குடுக்கிற குழு வருதும்மா. ஏழைக் காட்டுங்க, போதும். எட்டாவதை எதுக்கு இழுத்து விட்டுக்கிட்டு?"

"எல்லா வைரஸும் மருந்துக்குக் கேக்கும்னு அறிக்கைக்குத் தலைப்புப் போட்டிருக்கோமே சார்."

"அது யாரையும் இதுவரைக்கும் தொடாத வைரஸ்."

"மத்த ஏழும் யாரையும் தொடலியே சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "அவங்க சரின்னு சொன்னாதான் விலங்குப் பரிசோதனைக்குப் போக முடியும். இல்லன்னா ஆப்பு டப்பாவோட கிடக்க வேண்டியதுதான். யோசிங்க."

அவர் பயப்படுவதிலும் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வந்தவளுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு மாலை, முகம் கழுவலாம் என்று குளியலறைக் கதவைத் திறந்தாள்.

4

"நீதானே இதுல டாக்டர்?" என்றார் அத்தான், அவள் தோளுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு.

"நான் நொதிக்குத்தாங்க டாக்டர்!"

விலங்கு மீட்புக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டோம். வெறுங்கையால் தொடக் கூடாது, தடித்த கையுறை போட்டு, அட்டைப் பெட்டியால் மூடி, ஒரு அட்டையை அடியில் மெல்ல நுழைக்கச் சொன்னாள். அத்தான் தோட்டக் கையுறையை மாட்டினார். அக்கா அட்டையைப் பிடித்தாள்.

அப்போது வௌவால் கொட்டாவி விட்டது. ஊசிமுனைப் பற்கள். கட்டைவிரல் அளவே உடம்பு. மூக்கு கசங்கிப்போன காகிதம்போல் இருந்தது.

"இவ்வளவுதானா நீ?" என்றாள் அக்கா. பயத்தோடேயே சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. பெட்டியால் மூடி, அட்டையை நுழைத்து, பால்கனிச் சுவர்மேல் சாய்த்து வைத்ததும் அது தத்தி ஏறி, பறந்து, இருட்டத் தொடங்கியிருந்த தெருவில் மறைந்தது.

(இங்கே அக்காவுக்கு ஞானோதயம் வரவழைத்திருந்தேன்: "அந்தச் சின்னக் கண்களில் அவள் உண்மையின்..." அக்கா பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடா. நான் முடிவெடுத்தது பாத்திரம் தேய்க்கறப்ப.")

பாத்திரம் தேய்க்கையில் நடந்தது இது. அத்தான் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நாளைக்கு அந்த எட்டாவதைப் பத்தி யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"கேக்க மாட்டாங்க. அது இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாதே."

சொன்னவள் குழாயை மூடினாள். தான் சொன்னது அப்போதுதான் தன் காதிலேயே விழுந்தது அவளுக்கு. பிறகு மீதித் தட்டுகளையும் கழுவி முடித்தாள்.

5

திங்கட்கிழமை அவள் எட்டுக் கோடுகளையும் காட்டினாள். வீம்பின் கோடு திரையைத் தாண்டி ஏறி நின்றது. அவசரம் கூரையைப் பார்த்தார்.

மருந்துக் குழுவில் மூத்தவரான ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இது மட்டும் ஏன் அடங்கல?"

"கத்தரி வாயில ஒரு பக்கம் கொஞ்சம் குறுகலா இருக்கு மேடம். ஆப்போட முனை இடிக்குது. அப்படித்தான் நினைக்கிறோம், இன்னும் நிச்சயமாத் தெரியல."

"அப்ப முனையை மாத்திட்டு வாங்க. அதுவரைக்கும் விலங்குப் பரிசோதனை வேண்டாம்."

(மாற்று முடிவு: எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எழுதிப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது.)

அவசரம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு வாரமாயிற்று. பேசியபோது, "அடுத்த முனைக்கு என்ன யோசனை வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்டார். அன்று அக்கா கேன்டீனில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு மாதக்கணக்கில், அந்த முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினார்கள். செதுக்கியதில் ஒன்று தண்ணீரில் கரையவில்லை. ஒன்று கரைந்தது, ஆனால் கத்தரியில் ஒட்டவில்லை. இன்னொன்று பழைய ஏழில் இரண்டைக் கோட்டைவிட்டது.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன்.

"படுத்துருச்சுடா." குசுகுசுவென்று பேசினாள். "வீம்போட கோடு. அசையாமப் படுத்திருக்கு."

பின்னாலிருந்து அவசரத்தின் குரல்: "யாரும்மா போன்ல? வெளியில சொல்லிடாதீங்க!"

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கால் தரையில் பாவவில்லை. "அப்ப கதைய முடிச்சிடட்டுமாக்கா?"

"ஒரு தடவை படுத்தா அது முடிவில்ல. புதுசா நொதி வளத்து இன்னும் ரெண்டு தடவை ஓட்டணும். நான் மருந்து ஊத்தறப்ப எதையாவது சொதப்பியிருக்கலாம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா நல்லதுதான். வெச்சிடறேன், மெஷின் கூப்பிடுது."

ஆகவே, வாசகரே, என் கையில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு தடவை கோடு படுத்திருக்கிறது. மிச்ச இரண்டு தடவையையும் நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள். படுத்தால் கொண்டாடுங்கள். ஏறினால், மறைக்காமல் எழுதுங்கள்.