சோதனைக்கு எழுதிய சாவுச்சேதி

நவம்பர் பாதி கழிந்ததும் அலெக்சாந்திரியாவின் வானம் தன் நீலத்தைக் களைந்து ஈயநிறம் பூணுகிறது. கோடையெல்லாம் குடைகளும் குழந்தைகளுமாய் நிறைந்திருந்த மணற்கரை வெறிச்சோடுகிறது. மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிக் கட்டிவிட்டு, கைகளை அக்குளில் செருகியபடி கடலையே பார்த்திருக்கிறார்கள். இப்பருவத்துப் புயல்கள் ஒவ்வொன்றுக்கும் அவர்களுடைய முன்னோர் பெயரிட்டுச் சென்றிருக்கிறார்கள். முதலில் வருவதன் பெயர் துடைப்பம். அது வருவதற்கு முன் ஒரு மோனம் வரும். அலை எழும், ஓசை எழாது. மொட்டைமாடிப் புறாக்கள் கூண்டை விட்டு வெளிவரா. பள்ளிவாசல் விளக்குகள் நண்பகலிலேயே ஏற்றப்படும். படைத்தவனின் ஒரு சொல்லுக்காகப் படைப்பெல்லாம் தலைகுனிந்து காத்திருப்பதுபோன்ற அப்பொழுதில், நெஞ்சில் குற்றமேதும் இல்லாதவரும் காரணமின்றி ஒருமுறை அஞ்சுவர்.

இப்ராஹிமிய்யாவில் ஐந்தாம் மாடிச் சன்னலருகே மடிக்கணினியோடு அமர்ந்திருந்த நெர்மீனின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கோடையில் அவள் வேலை செய்த நிறுவனம் நகரக் கிளையை மூடியது. அன்றுமுதல் காலையில் விண்ணப்பம், நண்பகலில் நேர்காணல், மாலையில் மறுப்பு என்று அவளுடைய நாள்கள் உருண்டன. முகமறியாத மனிதர்கள் திரையில் தோன்றி, இன்னும் சில ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த மாதம் எங்கே காண்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. இப்போது, மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் கெய்ரோ நிறுவனமொன்று அவளுக்கு ஒரு சோதனைப் பணி கொடுத்திருந்தது. நோயாளியின் நிலை மாறும்போது குடும்பத்தாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் ஒன்றை அன்று மாலைக்குள் எழுதித் தரவேண்டும். தேறி வருகிறார், அறுவைச் சிகிச்சையில் இருக்கிறார், இறந்துவிட்டார் என மூன்றுவகைச் செய்திகள்.

முதல் பாகத்தைக் காலையிலேயே அனுப்பிவிட்டாள். இப்போது நிரல் முழுதும் எழுதி முடிந்தது. ஓட்டிப் பார்க்க நோயாளிகள் வேண்டும். அவள் கைவசம் நோயாளிகள் இருந்தார்கள்.

வாரத்தில் ஆறு நாள் பிறர்முன் விண்ணப்பித்து நின்ற நெர்மீன், வியாழன் மாலை மட்டும் அரசியாய் வீற்றிருந்தாள். சீதி பிஷ்ரில் நண்பன் ஷாதியின் வீட்டு உணவு மேசையைச் சுற்றி அவர்கள் ஐவரும் கூடுவார்கள். கடலில் மூழ்கிய ஒரு நகரத்தை நெர்மீன் கதையாய் விரிப்பாள். மற்றவர்கள் அந்நகரின் வீரனாய், திருடியாய், வைத்தியனாய் மாறி அதற்குள் இறங்குவார்கள். இருபது முகங்கொண்ட பகடை அவர்கள் துணிந்தது பலிக்குமா என்று சொல்லும். யாருடைய பாத்திரம் உயிரோடிருக்கிறது, யார் காயம்பட்டார், யார் இறந்தார் என்ற அட்டவணையை ஒரு சிறு நிரலில் வைத்திருந்தாள். கூடுகைக்கு அழைக்கும் செய்தியையும் அதுவே அனுப்பும். புதிய சோதனைக்கு அவ்வட்டவணை அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. அப்படியே எடுத்துப் போட்டு ஓட்டினாள்.

திரையில் வரிசையாக எழுத்துகள் ஓடின. அனுப்பப்பட்டது. சேர்ந்தது. அனுப்பப்பட்டது. சேர்ந்தது.

நெர்மீனின் விரல்கள் விசைகளின்மேல் நின்றுபோயின. சோதனைக்கென்று வைக்கும் போலி அனுப்புநர் ‘அனுப்பப்பட்டது’ என்று மட்டுமே சொல்லும். சேர்ந்தது என்று ஒருபோதும் சொல்லாது. அட்டவணையோடு, மெய்யான கைப்பேசிகளுக்குச் செய்தி அனுப்ப அனுமதி தரும் குறியீடான விளையாட்டு நிரலின் அனுப்புச் சாவியும் சேர்ந்தே வந்துவிட்டிருந்தது.

தாங்களே அறுவைச் சிகிச்சையில் இருப்பதாகச் செய்தி பெற்ற நண்பர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் ஷாதியின் வரியில் இருந்த எண் ஷாதியுடையதன்று. எத்தனை பேருக்கு அரிசி களைவது என்று தெரியவேண்டும் என்பதற்காக அவனுடைய தாய் இஃப்பத் தன் எண்ணைக் கொடுத்திருந்தாள். சென்ற வியாழன் பகடையில் வெறும் ஒன்று விழ, கதையில் ஷாதி ஏற்றிருந்த படகோட்டி இறந்துபோயிருந்தான். ஆகவே இஃப்பத்துக்கு இப்போது சேர்ந்திருக்கும் செய்தி இதுதான்: ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம், ஷாதி இறந்துவிட்டார், உடலைப் பெற்றுக்கொள்ள வரவும்.

இஃப்பத்தின் இதயக் குழாயில் சென்ற ஆண்டுதான் மருத்துவர்கள் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் சுருள் வைத்திருந்தார்கள். கணவனுடைய சாவும் அவளுக்குத் தொலைபேசியில்தான் வந்தது.

நெர்மீன் அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஷாதியை அழைத்தாள். அதே குரல், அதே பதில். நகருக்கு மேற்கே, அலமைனில் எழும் கட்டடங்களில் அவன் மின் பொறியாளன். வியாழன்தோறும் கடற்கரைச் சாலையில் தன் பழைய வண்டியை ஓட்டி வீடு திரும்புவான். இன்று வியாழன். இப்போது அவன் அந்தச் சாலையில் இருப்பான். சன்னல் கண்ணாடியில் முதல் மழை சாட்டைபோல் விழுந்தது.

மடிக்கணினியை மார்போடு அணைத்தபடியே அவள் படியிறங்கி ஓடினாள். எழுதியதை அழித்தால் மறையும், ஓட்டியதை நிறுத்தினால் நிற்கும் என்று பழகிய தொழில் அவளுடையது. திரும்பப் பெறமுடியாத ஒன்றை வாழ்வில் முதன்முறையாக அவள் செய்திருந்தாள்.

கறுப்பும் மஞ்சளுமான டாக்சி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. ஓட்டுநர் கண்ணாடியில் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கையில லேப்டாப்பு, கால்ல வீட்டுச் செருப்பு. நீங்க நிச்சயமா இன்ஜினியரம்மாதான்."

"சீதி பிஷ்ர் போகணும், உஸ்தா. சீக்கிரம்" என்றாள், ஓட்டுநர்களுக்கு அந்நகரம் தரும் மரியாதைச் சொல்லால்.

"சீக்கிரமா? கடல் ரோட்டுக்கு ஏறி வந்து நிக்குது. கார் ஓட்டவா, துடுப்பு போடவா, நீங்களே சொல்லுங்க."

"உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி உள்தெருக்களில் புகுந்தது. வழியெல்லாம் நெர்மீன் இரண்டு எண்களையும் மாறி மாறி அழைத்தாள். அந்த வீட்டுக் கூடத்தில் இஃப்பத் விழுந்து கிடப்பதாக ஒரு காட்சி அவள் கண்ணில் வந்தது, தலையை உதறினாள், மறுபடி வந்தது. வண்டியின் வானொலி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அலமைனுக்கு இப்பால் கடற்கரைச் சாலை மூடப்பட்டது என்றும், மழையில் சறுக்கி வண்டிகள் மோதிக்கொண்டன என்றும் அது சொன்னபோது அவள் ஷாதியின் எண்ணையே மறுபடி மறுபடி அழுத்தினாள்.

"அந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா, இன்ஜினியரம்மா?"

"ஒரு சிநேகிதன்."

ஓட்டுநர் வானொலியை அணைத்தார். "அவனைப் படைச்சவன் பாத்துக்குவான்" என்றார், கேலியின் சுவடே இல்லாமல்.

நெர்மீனுக்கு அப்போதுதான் உள்ளபடியான அச்சம் வந்தது. அதுவரை அனுப்பியது பொய் என்றுதான் நடுங்கினாள். இப்போதோ, அது மெய்யாய் இருந்துவிட்டால் என்ற எண்ணம் எழுந்தது. ஒரு மனிதனின் பெயருக்கு எதிரே இறந்துவிட்டார் என்று எழுதி உலகுக்கு விட்டாயிற்று. சொல் வெளியே போய் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறதோ? அறிவு இதைப் பழித்தது. நெஞ்சு அறிவின் பேச்சைக் கேட்கவில்லை. குழந்தைப் பருவத்தில் மனனம் செய்த குர்ஆனின் பாதுகாவல் வசனங்களை உதடுகள் தாமாகவே ஓதத் தொடங்கின; பாதியில் மறந்து, மீண்டும் முதலிலிருந்து ஓதின.

சீதி பிஷ்ர் வீட்டின் அழைப்புமணி மின்சாரமின்றிச் செத்திருந்தது. கதவை இரு கைகளாலும் தட்டினாள். உள்ளே நெடுநேரம் ஓசையில்லை. பிறகு செருப்பை இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, வதக்கிய வெங்காய மணத்தோடு இஃப்பத் நின்றாள்.

"வா மகளே. இன்னிக்கு நீதான் முதல் ஆள். என்ன இது, கடல்லேர்ந்து நேரா எழுந்து வரியா?"

நெர்மீன் அவள் முகத்தையே ஆராய்ந்தாள். "தாந்த்... மெசேஜ் ஏதாவது வந்துச்சா?" நண்பர்களின் தாய்மாரை அந்நகரத்துப் பிள்ளைகள் அப்படித்தான் அழைப்பார்கள்.

"வந்துச்சே. ஷாதி செத்துட்டானாம். அதான் போன வாரமே தெரியுமே, அடுக்களையில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். அந்தப் படகுக்காரன் போனதுக்கு இவன் வாரம் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரிஞ்சான். இப்ப உடலை வந்து வாங்கிக்கன்னு வேற எழுதியிருக்க. உடலை வாங்கி நான் என்ன பண்றது? வந்தா பருப்பு சூப்பு ஊத்துவேன்."

நெர்மீன் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்: சோதனைப் பணி, அட்டவணை, மறந்துபோன சாவி. "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுன்னு நெனச்சு உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன், தாந்த். உங்க போன் கிடைக்கல. அவனுக்கும் அடிச்சிக்கிட்டே இருக்கேன், அவன் போனும் கிடைக்கல."

கடைசிச் சொற்களில் இஃப்பத்தின் முகம் மாறியது. நெர்மீன் அதைக் கண்டாள். மருத்துவமனைப் பெயரில் வந்த செய்தி தொடாத அந்த நெஞ்சை, ஆறுதல் தேடி ஓடிவந்த தானே தொட்டுவிட்டதை அக்கணமே உணர்ந்தாள்.

"எப்பலேர்ந்து கிடைக்கல?"

"மழை பிடிச்சதிலேர்ந்து."

"ரோட்டப் பத்தி ஏதாச்சும் கேட்டியா? பொய் சொல்லாத. உன் மூஞ்சி சொல்லுது."

"மூடிட்டாங்களாம். ரேடியோவுல சொன்னாங்க. சில வண்டிங்க மோதிக்கிச்சாம்."

இஃப்பத் நாற்காலியைப் பிடித்து மெல்ல அமர்ந்தாள். "மூடினா நல்லதுதான். நின்னிருப்பான்" என்றாள். சற்றுப் பொறுத்து, யாருக்கோ நினைவூட்டுவதுபோல், "நின்னிருப்பான்" என்று மறுபடியும் சொன்னாள். அவளுடைய வலக்கை மார்பின் இடப்பக்கம் போய்ப் படிந்தது. நெர்மீன் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். மூதாட்டி மாத்திரையை விழுங்கினாள், கையை எடுக்கவில்லை.

இஃப்பத்தின் கைப்பேசியில் தொடர்பே இல்லை. நெர்மீனின் கைப்பேசியில் மட்டும், அதுவும் பால்கனிக் கதவின் கண்ணாடியோரம், ஒரு கோடு எழுவதும் மறைவதுமாய் இருந்தது. இருவரும் அங்கே நின்றார்கள். கீழே தெரு ஆறாய் ஓடியது. அடுக்களையில் பருப்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது. யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை.

கைப்பேசி ஒலித்தது. அறியாத எண்.

"ஷாதி?"

"மிஸ் நெர்மீனா?" ஒரு பெண்குரல், கெய்ரோ நிறுவனத்திலிருந்து. "நீங்க அனுப்பின முதல் பாகம் எங்க டீம் லீடருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அவர் இப்ப ஃப்ரீயா இருக்கார். கொஞ்ச நேரம் பேசலாமா? நாளைக்கு அவர் வெளிநாடு போறார். இன்னும் ரெண்டு பேர் வரிசையில இருக்காங்க, நான் உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டேன்."

கோடையிலிருந்து அவள் காத்திருந்த குரல் அது. நெர்மீன் திரும்பிப் பார்த்தாள். இஃப்பத்தின் கண்கள் கைப்பேசியின்மேல் இருந்தன, வேறெங்கும் இல்லை.

"மன்னிச்சுக்கங்க. இந்த லைன் இப்ப காலியா இருக்கணும்" என்றாள் நெர்மீன். "நான் எழுதின ப்ரோக்ராம் உண்மையான ஒரு அம்மாவுக்கு அவங்க மகன் செத்துட்டான்னு அனுப்பிடுச்சு. என் தப்பு, சோதிக்கும்போது உண்மையான சாவியோட ஓட்டிட்டேன். அவங்க பக்கத்துலதான் நிக்கறேன். மகன் புயல்ல இருக்கான், அவன் கூப்பிடணும்."

"சரி. வைக்கிறேன்" என்றது குரல். அவ்வளவுதான்.

"வேலை விஷயமா?" என்றாள் இஃப்பத்.

"ஆமா, தாந்த்."

"பேசியிருக்கலாமே, பைத்தியக்காரி."

"பேசியிருக்கலாம்."

இஃப்பத் நெர்மீனின் ஈரக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். கோடு எழுந்தது, மறைந்தது. பிற்பகல் தொழுகையின் அழைப்பு காற்றில் கிழிந்து துண்டு துண்டாய் வந்து போயிற்று. நெர்மீன் தனக்கென்று எதையும் கேட்கத் துணியவில்லை. அவனுக்காக மட்டும் கேட்டாள். வேலையை எடுத்துக்கொள், அவனைக் கொடு என்று பேரம் பேச நாவெழுந்தபோது, இறைவனிடம் பேரமா என்று வெட்கி வாயை மூடிக்கொண்டாள்.

மறுபடி ஒலித்தது. மறுபடியும் அறியாத எண். இம்முறை முதலில் லாரி எஞ்சினின் இரைச்சல் கேட்டது, பிறகு குரல்.

"நெர்மீன், கேக்குதா? அம்மா போன் கிடைக்கல. நீ ஒரு எட்டு போய்..."

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. நீ எங்க இருக்க?"

"பெட்ரோல் பங்க்ல. ரோடு மூடிட்டாங்க. என் போன் தண்ணியில விழுந்து செத்துப்போச்சு, இது ஒரு லாரிக்காரரோடது. உன் நம்பர் மட்டும்தான் மனப்பாடமா வருது, என் படகுக்காரனைக் கொன்னுடாதேன்னு வாராவாரம் கூப்பிட்டுக் கெஞ்சிக் கெஞ்சி. ஏன் அழற? என்ன ஆச்சு?"

இஃப்பத் கைப்பேசியை வாங்கினாள். மகனின் குரலைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்றாள். "ம்... லாரிக்காரருக்கும் வாங்கிக் குடு. வண்டிய எடுக்காத. விடியட்டும். கேக்குதா? விடிஞ்சப்புறம் வா."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் கூடத்தின் நடுவே வந்தாள். முழங்கால் வலியால் ஆண்டுக்கணக்காக நாற்காலியில் அமர்ந்தே தொழுபவள். நெர்மீன் நாற்காலியை இழுக்கப் போனபோது வேண்டாமென்று கையசைத்தாள். மேசை விளிம்பைப் பற்றி ஒரு முழங்காலை மடித்தாள், பிறகு மற்றதை. விரிப்பில்லாத குளிர்ந்த தரையில், மக்காவின் திசை நோக்கி, நெற்றியை வைத்தாள். ஒரே ஒரு சிரம்பணிதல். நற்செய்தி வந்தவர் தம்மைக் காத்தவனுக்குச் செலுத்துவது. நெடுநேரம் எழவில்லை. உதடுகள் அசைந்தன, சொற்கள் தரைக்கும் இறைவனுக்கும் மட்டும் கேட்டன. நெர்மீனும் அவளருகே மண்டியிட்டுத் தலை தாழ்த்தினாள்.

பிறகு நெர்மீனின் தோளைப் பற்றி எழுந்தமர்ந்த இஃப்பத், நெற்றியில் ஒட்டிய தூசியோடு, மழையில் ஊறிய அந்தத் தலையின்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"என் மகனுக்காக ஓடி வந்த காலு எங்கயும் இடறாம இருக்கட்டும். உன் முன்னால மூடின கதவையெல்லாம் திறக்கறவன் திறந்து விடட்டும். நீ அனுப்பற சேதியெல்லாம் இனி நல்ல சேதியாவே போகட்டும், மகளே."