வெயிலில் நடக்க ஓர் ஆள்

என் மாமனாருக்கு நிழல் என்றாலே ஆகாது. பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூடியோ எங்களுடையது. படத்தில் காதோரம் கொஞ்சம் கறுத்துவிட்டால் போதும், "முகத்துல என்ன, கரியா?" என்று ஆளை மறுபடி உட்கார வைப்பார். அந்த வீட்டு மருமகள் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நிழல் பிடிக்கப் போனால் சும்மா இருப்பாரா? பந்தயமே கட்டிவிட்டார்.

"இன்னைக்கு ஒரே ஒரு படம், நான் அசந்து போற மாதிரி எடு. ஷோகேஸ்ல மாட்டறேன். இல்லேன்னா ஊர் சுத்தறதை விட்டுட்டு கவுன்டர்ல உக்காரு. ஆளை செட் பண்ணி நடக்க விடற வேலையெல்லாம் கூடாது. நானும் கூட வருவேன்."

"சரி மாமா" என்றேன், வாய்க்கொழுப்பில். கவுன்டரில் உட்கார்ந்தால் நான் செத்தேன்.

இடம் கைவசம் இருந்தது. வங்கிக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே சாயங்கால வெயில் ஒரே ஒரு பட்டையாக இறங்கும். அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவைச் சரிசெய்து வைத்தால் சுற்றியிருப்பதெல்லாம் மையாகக் கறுத்துவிடும். நடுவில் யார் கால் வைத்தாலும் ஜொலிப்பார்கள். கால் வைக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆள்தான் வரவில்லை! அந்த வெயிலில் யார் வெளிச்சத்தில் நடப்பார்கள்? வந்தவர்கள் எல்லோரும் எதிர்ச் சுவரோடு சுவராக ஒட்டி, நிழலிலேயே நழுவினார்கள். ஒரு சைக்கிள்காரர் நேராக வந்தார். கேமராவைக் கண்ணில் வைத்தேன். பட்டைக்கு ஓரடி முன்னால் இறங்கி, சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டு போய்விட்டார். தூங்கிக்கொண்டிருந்த நாய்கூட எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும்" என்று மாமா கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். ஆனால் வெயில் சுருங்கச் சுருங்க அவரும் விசிறுவதை மறந்தார்.

"ஏய், அந்தப் பச்சைச் சட்டை வர்றான் பாரு! ரெடியா இரு!"

"மாமா, நீங்க எந்தக் கட்சி?"

"பேசாம கேமராவைப் பிடி!"

பச்சைச் சட்டை கடைசி நொடியில் ஒதுங்கிவிட்டது. "அறிவுகெட்ட பய!" என்று மாமா தொடையில் அறைந்துகொண்டார்.

பட்டை ஒரு துண்டு அகலத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மாமாவைக் காணோம்.

தொப்பையை முன்னால் விட்டு, வெயிலுக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு, பட்டைக்குள் அவரே நடந்துகொண்டிருந்தார்! சுவரில் அவர் நிழல் ஜன்னல் வரை ஏறியது. அதைப் பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஒரு துள்ளலும் போட்டார். நானும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடியே பொத்தானை அமுக்கினேன். அதோடு வெயிலும் போய்விட்டது.

"செட் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யாரு செட் பண்ணா? நான் என் பாட்டுக்கு நடந்தேன். இதென்ன நீ எழுதி வாங்கின தெருவா?"

கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு மூக்கு, உயர்ந்த கை, பாதிச் சிரிப்பு. மீதியெல்லாம் இருட்டு. கண்ணருகே கொண்டுபோய்த் திரும்பத் திரும்பப் பார்த்தார். தோற்றோம் என்றே நினைத்துவிட்டேன்.

"முகமே தெரியலம்மா" என்றார் மெதுவாக. "ஆனா நான்னு தெரியுது."

கேமராவை என்னிடம் திருப்பித் தரவில்லை. "அடுத்த தெருவுல இன்னும் வெயில் இருக்கும், வா வா!" என்று எனக்கு முன்னால் ஓடினார்.