கை அங்கிள்

செவலையின் பின்னங்காலுக்குக் கயிறு மாட்டிவிட்டு, பிரேமலா வாளியை மடிக்கு நேராக நகர்த்திக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் குரல் முதுகில் வந்து விழுந்தது.

"அடியே பிரேமா! அங்க உங்கப்பன நடுக்கூடத்துல கெடத்தியிருக்கு. நீ இங்க வந்து பால் கறந்துக்கிட்டு இருக்கியா?"

அவள் திரும்பவில்லை. காலை ஏழு மணி. நேற்று மாலை யாருக்கும் மாட்டின் நினைப்பே வரவில்லை. பதினொரு மாடுகளும் விடிய விடியக் கத்தித் தீர்த்திருந்தன. மாட்டுக்கு என்ன தெரியும், வீட்டில் சாவு என்று?

"கறக்கலன்னா மடி வீங்கிப் போயிரும் பெரியப்பா."

"ஊரு என்ன பேசும்?"

"ஊருக்கு மடி இல்லையே."

இப்படிப் பேசுவது அப்பாவின் வாய். அது தன்னிடமிருந்து வந்ததும் பிரேமலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்துகொண்டாள்.

பெரியப்பா அர்ஜுனன் எஸ்டேட்டில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். விடியற்காலையில் வரிசையில் நிற்கும் நூறு பேரின் பெயரையும் வாசித்து ஆள் எடுத்தவர். எஸ்டேட்டை விற்று, லயத்து வீடுகளை இடித்து, எல்லாரும் கெர்லிங் ஊரில் இந்த வரிசை வீடுகளுக்குக் குடிவந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு கேட்டாலும் நூறு பேருக்குக் கேட்கும்.

அவருடைய தம்பி, பிரேமலாவின் அப்பா சன்னாசி, அதற்கு நேர்மாறு. நேற்று மதியம் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குடி" என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே வேனில் உயிர் போய்விட்டது. அறுபத்து மூன்று வயது. சத்தமே போடாமல் போய்விட்டார், பாவி மனிதர்.

செவலை காலை உதறியது. காம்பைப் பிடித்தால் பால் இறங்கவில்லை. அப்பாவைத் தவிர யாருக்கும் இறக்காத மாடு அது. அப்பா நெற்றியை அதன் விலாவில் சாய்த்துக்கொண்டு, "எறக்குடி தாயி, எறக்கு" என்று முணுமுணுப்பார். மற்ற பத்தையும் முன்பே கறந்தாகிவிட்டது; இதில் மட்டும் பிரேமலா அரை டம்ளர் கறந்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"தாயி, இங்க பாரு." பெரியப்பாவின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அதுவே அவளைப் பயமுறுத்தியது. "மாட்டு யாவாரி ஒருத்தன்கிட்டப் பேசிட்டேன். நாளைக்கு சாயங்காலம் லோரி வரும். எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிருவோம்."

"யாரக் கேட்டுப் பேசுனீங்க?"

"யாரக் கேக்கணும்? பதினாறு நாளு தீட்டு. தீட்டு வீட்டுப் பால எவன் வாங்குவான்? நீ பதினாறு நாளு போகலன்னா எல்லாரும் கடைப் பாலுக்குப் பழகிருவாங்க. பதினேழாம் நாளு யாரு வீட்டுக்குக் கொண்டு போவ? ஒத்தப் பொம்பளையா பதினொரு மாட்ட வச்சுக்கிட்டு என்னடி செய்வ?"

அவள் செவலையின் கால் கயிற்றை அவிழ்த்தாள். பெரியப்பா கெட்டவர் இல்லை, பொய்யும் சொல்லவில்லை. அவர் கேட்டதைத்தான் அவளும் இரவு முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவே மாடுகளை விற்றுவிடுவதாக இருந்தார். கடைக்குக் கடை அட்டைப் பெட்டிப் பால் வந்த பிறகு யார் போத்தல் பால் வாங்குகிறார்கள்? அப்போதுதான் பிரேமலா ரவாங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்து, "நான் டிக்டாக்ல போடுறேன்ப்பா" என்றாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மூஞ்சியைக் காட்டக் கூடாது. "எம் மூஞ்சியப் பாத்தா இருக்கிற பாலும் திரிஞ்சிரும்" என்றார்.

அதனால் கையை மட்டும் எடுத்தாள். அதிகாலையில் அப்பாவின் இரண்டு கைகள், காம்பு, வாளி. வாளியின் அடியில் பால் விழுகிற சத்தம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. ஐம்பது விநாடி. அவ்வளவுதான். 'கெர்லிங் பசும்பால்' என்று பெயர் வைத்தாள். அப்பாவின் வலது கை மோதிர விரல் என்றைக்கோ மாடு உதைத்து வளைந்து போனது. கறக்கும்போது அது மட்டும் தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். 'கை அங்கிள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர்களான புக்கிட் பெருந்துங்கிலும் ரவாங்கிலும் அறுபது வீடுகள் பால் கேட்டன. தினமும் வேனில் பிரேமலாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: "கை அங்கிள் நல்லாருக்காரா?"

அப்பாவுக்கு இது பெரிய கேலி. "எனக்கு அப்பன் வச்ச பேரு சன்னாசிடி. கை, காலுன்னு கூப்புடுறானுங்க" என்பார். ஆனால் ஒவ்வொரு நாளும் கறப்பதற்கு முன் நகத்தைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டார். அதையும் பிரேமலா கவனித்திருந்தாள்.

அவள் மாட்டுக் கொட்டாயை விட்டு வீட்டுக்குள் வந்தாள். வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி ஜீவன் ஜொகூரிலிருந்து வந்து, சட்டையை மாற்றாமல் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். போனில் நாற்பது செய்திகள். 'அக்கா, இன்னிக்கு பால் லேட்டா?' 'பிரேமா, வேன் ரிப்பேரா?'

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று மாலையே ஜீவன் அப்பாவின் படத்தைப் போட்டு மரண அறிவித்தல் அனுப்பிவிட்டான். அது சுற்றாத வாட்ஸ்அப் குழு இல்லை. பால் வாங்குகிறவர்களும் பார்த்திருப்பார்கள். யாரோ ஒரு பெரியவர் என்று அடுத்த செய்திக்குத் தள்ளியிருப்பார்கள். அந்த முகத்தை அவர்கள் கண்டதே இல்லையே!

'மாட்டுக்கு உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் பால் இல்லை' என்று ஒரு வரி போட்டால் போதும். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அப்படியே தட்டியும் விட்டாள். அனுப்பவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அம்மா இராஜம்மா அப்பாவின் தலைமாட்டிலிருந்து அசையவே இல்லை. அழுது ஓய்ந்த முகம். பிரேமலா போனைக் காட்டினாள். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"உள்ளதச் சொல்லுடி. அந்த மனுசன் ஒரு நாளாவது பால்ல தண்ணி கலந்திருக்காரா?"

நேற்றுக் காலை எடுத்த வீடியோ போனில் அப்படியே இருந்தது. மதியம் போடலாம் என்று வைத்திருந்தாள். அதைப் போட்டு, கீழே எழுதினாள்: 'இது எங்க அப்பா கை. பேரு சன்னாசி. நேத்து மத்தியானம் தவறிட்டாரு. வீட்டுல தீட்டு. பதினாறு நாளைக்குப் பால் கொண்டு வர மாட்டோம். பூசைக்குத் தேவைப்படுறவங்க வேற எடத்துல வாங்கிக்குங்க. இன்னிக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறோம்.' வீட்டு விலாசத்தையும் சேர்த்தாள். 'எங்களை விட்டுறாதீங்க' என்று எழுதத்தான் ஆசை. கை வரவில்லை.

"சாவு வீட்டுல போன நோண்டுற நேரமா இது?" என்று வாசலிலிருந்து பெரியப்பா அதட்டினார். அவள் போனைப் பால் வைக்கும் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. பால் வாங்கும் புக்கிட் பெருந்துங் யூஜினியாவும் அவர் கணவர் ரெய்மண்டும். அதுவரை வந்த எல்லாரும் தலைமாட்டுக்குப் போய் முகம் பார்த்து அழுதார்கள். யூஜினியா முகத்தை ஒரு தரம் பார்த்தார், யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல. பிறகு சவப்பெட்டியின் பக்கவாட்டுக்கு வந்தார். அப்பாவின் இரு கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டி நெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். மாலைக்கு அடியில் வளைந்த விரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அங்கிள்" என்றார் யூஜினியா. அப்புறம்தான் அழுதார்.

ஒரு மணிக்குள் வாசல் நிறையச் செருப்பு. தொழிற்சாலைச் சட்டையோடு ஒருவர். ரவாங்கிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண். மூன்றாவது சந்திலிருந்து ஒரு மலாய்க்கார அக்கா. ஒருவரும் தலைமாட்டில் நிற்கவில்லை. நேரே கைப்பக்கம் வந்து நின்று, குனிந்து பார்த்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

"யாரு இவங்கள்ளாம்? நம்ம சாதி சனமா?" பெரியப்பா அம்மாவின் காதில் கேட்டார். அவருடைய ரகசியம் வாசல் வரை கேட்டது.

"அவரு கறந்த பாலக் குடிச்சவங்க மாமா" என்றாள் அம்மா.

பெரியப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் பெட்டிக்குப் பக்கத்தில் போய், தம்பியின் கை மேல் குவிந்திருந்த மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காலடிக்கு நகர்த்தினார். அடுத்து வந்தவர்களுக்கு இரண்டு கையும் நன்றாகத் தெரிந்தது.

கிளம்பும்போது யூஜினியா பிரேமலாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்குத் தீட்டு கெடையாது பிரேமா. நாளைக்கே வந்து வாங்கிக்கவா?"

"வேணாங்கா. அப்பாவுக்கு மொறையா செஞ்சு முடிக்கிறோம்."

"சரி, அப்ப பதினேழாம் நாளு. எப்பவும் போல ரெண்டு போத்தல். மறந்துறாத லா. அது வரைக்கும் எம் மவன் மைலோவத் தண்ணியில கலக்கிக் குடிக்கட்டும்."

பிரேமலா தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வீடு. அறுபதில் ஒன்று. அதுவே அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. அப்பா கிடக்கும்போது சந்தோஷப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். ஜீவன் கொள்ளிச் சட்டியோடு முன்னே போனான். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி, வீட்டைக் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் வந்து குளித்து முடிக்கும்போது மணி ஐந்தரை. கொட்டாயில் மாடுகள் மறுபடியும் குரல் கொடுக்க ஆரம்பித்திருந்தன.

குளிர்பெட்டியின் மேல் போன் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன எழவு இது, கோயில் மணியாட்டம்!" என்று பெரியப்பா அதை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். யூஜினியா காரில் போகும்போதே வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். அதற்குக் கீழே மற்றவர்கள்.

பெரியப்பா வாசித்தார். அந்தப் பழைய குரலில்.

"புக்கிட் பெருந்துங் யூஜினியா, பதினேழாம் நாளு, ரெண்டு போத்தல். ரவாங் செல்வா, பதினேழாம் நாளு, ஒண்ணு. செலீனா, பதினேழாம் நாளு, மூணு. பவனேஷ் அம்மா, பதினேழாம் நாளு, ரெண்டு, 'பாப்பாவுக்கு'ன்னு போட்டிருக்கு..."

துணி பிழிந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்தார்கள். பெரியப்பா ஒரு பெயரும் விடவில்லை. வாசித்துக்கொண்டே போனவர் நாற்பத்து ஒன்றாவது பெயரில் நின்றார். மிச்சப் பெயர்கள் இருக்கும்போதே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவளுடைய போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார்.

"ஹலோ, யாவாரி? அர்ஜுனன் பேசுறேன். நாளைக்கு லோரி வேணாம். வேணாம்னா வேணாம்யா, என்ன ஏதுன்னு கேக்காத."

பிரேமலா நகங்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். பதினாறு நாளைக்கும் கன்றுகள் குடித்தது போக மிச்சத்தைச் செம்பனை மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொள்ளலாம். செவலைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம்.

"அந்தப் போனக் குடு. எத அமுக்கணும்?"

"செவப்பு வட்டத்த பெரியப்பா."

"மூஞ்சி வேணாம்ல?"

"வேணாம். இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்க. கை தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. நீ பேசாம கற."

பிரேமலா நெற்றியைச் செவலையின் விலாவில் சாய்த்தாள். சூடாக இருந்தது. "எறக்குடி தாயி" என்றாள். மாடு காலை ஒரு தரம் தூக்கி, பிறகு மெல்ல வைத்தது.

முதல் பீச்சு வெறும் வாளியில் டங்கென்று விழுந்தது. பெரியப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் நின்றார். போனை மட்டும் அவள் கைக்கு நேராக இன்னும் கொஞ்சம் இறக்கினார்.