மரத்தூள் மூட்டைகள்

தடால்!

லாரியின் பின்கதவு இறங்கிய சத்தத்தில் இளவேனிலின் கையிலிருந்த டீ சுடிதாரில் கொட்டியது.

"அக்கா, தானா வந்துடுச்சு!" என்று கூவிக்கொண்டு விஜி ஷெட்டிலிருந்து ஓடி வந்தாள். "இன்னைக்கே மிஷின் போட்டுடலாமா?"

பிளாஸ்டிக் குருணைக்கு பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தானா என்றுதான் பெயர். அதை உருக்கி, துணிக்கடைகளுக்கு ஹேங்கர் செய்து கொடுப்பது இளவேனிலின் தொழில். இரண்டு வாரமாக ஒரு மூட்டைகூட வரவில்லை. இப்போது ஒரு லாரி நிறைய நிற்கிறது. அவளோ லாரியைப் பார்க்காமல் பக்கத்து ஷெட்டைப் பார்த்தாள். அங்கே முனியப்பனின் மிஷின் இன்னும் ஊமையாகத்தான் இருந்தது.

போன வாரம் நடந்தது அவள் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

துறைமுகத்திலிருந்தே சரக்கு வரவில்லை என்று வியாபாரிகள் கையை விரித்துக்கொண்டிருந்த நேரம். தட்டுப்பாடே கிடையாது, எல்லாம் வதந்தி என்று டிவியில் அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை ஒரு அரசாங்க ஜீப் வந்தது. பக்கத்து ஷெட் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இவள் ஷெட்டுக்கு வந்தது. வழி கேட்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

வந்த அதிகாரி நன்றாகவே பேசினார். "கேமரா முன்னாடி ரெண்டே வார்த்தை சொல்லுங்கம்மா. ஜனங்க பயப்படாம இருக்கணும், அவ்வளவுதான். உங்க லோடுக்கு மாசாமாசம் நான் பொறுப்பு."

காலி கோணிகளில் பக்கத்துத் தெரு மரப்பட்டறையின் தூளை நிரப்பிச் சுவரோரம் அடுக்கினார்கள். மிச்சமிருந்த ஒரே நிஜ மூட்டையை முன்னால் வைத்து, வாயைப் பிரித்துக் காட்டினார்கள். கேமரா முன்னால் இளவேனில் சிரித்தாள். "எங்களுக்கு தானா தாராளமா கிடைக்குது" என்றாள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊர் முழுக்க எல்லோருடைய போனிலும் ஓடியது.

"இன்னாமா ஸ்டாரு! லோடெல்லாம் பலமா இருக்குது?"

முனியப்பன்தான். ஜோகுபாளையத்துக்காரர். தண்ணீர் கேன்களுக்கு மூடி செய்கிறவர். இளவேனில் தர்மபுரியிலிருந்து வந்து இந்த ஷெட்டை எடுத்தபோது, முதல் அச்சை மிஷினில் பொருத்திக் கொடுத்தவர் அவர். கிண்டலாகப் பேசினாரே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாதி மூட்டையை நீங்க எடுத்துக்கோங்கண்ணா" என்றாள் அவசரமாக.

"உன் தானா வேற, என் தானா வேற. இதுல மூடி போட்டா கையில எடுத்ததும் விரிசல் விட்டுடும்." கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "பேஜாரு அது இல்லமா. தண்ணி பிளான்ட் மஞ்சுநாத் இருக்கான் பாரு, ஆர்டரையே கேன்சல் பண்றேங்கிறான். 'கவர்மென்ட்டே தட்டுப்பாடு இல்லைங்குது, உங்க பக்கத்து ஷெட் பொண்ணு மூட்டையோட நிக்குது, நீதான் ரேட் ஏத்த ஒளிச்சு வெச்சிருக்கே' அப்டீங்கிறான். அங்க பழைய மூடியக் கழுவிக் கழுவி கேனுக்குப் போடுறாங்களாம்."

நேற்று வீட்டுக்கு வந்த கேன் இளவேனிலுக்கு ஞாபகம் வந்தது. மூடியின் விளிம்பில் கறுப்பாக அழுக்கு. கேன்காரனைத் திட்டிவிட்டு, ஏற்றிய விலையையும் கொடுத்துத்தான் வாங்கினாள்.

"அந்த ஆர்டர் போச்சுன்னா ஷெட்டை மூட வேண்டியதுதான். நீ ஒரு வார்த்தை சொன்னா நம்புவான்" என்றார் முனியப்பன், லாரி டயரைப் பார்த்தபடி. "இஷ்டம் இருந்தா சொல்லு. இல்லன்னா வேணாம்."

அவள் பதில் சொல்வதற்குள் அவரே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார்.

"ஹலோ, யாரு? வீடியோ மேடமா?" மஞ்சுநாத் கன்னடம் கலந்த தமிழில் பேசிச் சிரித்தார். "நோடி, பாருங்க மேடம், நிஜம் சொல்லுங்க. மால் இருக்கா, இல்லையா?"

லாரி டிரைவர் எட்டிப் பார்த்தான். "மேடம், இறக்கலாமா வேணாமா?" விஜியின் கை ஏற்கெனவே முதல் மூட்டையின் மேல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த மாதம் இந்த லாரி வராது. பொய் சொன்னால் பக்கத்து ஷெட் திறக்காது.

"இல்ல சார்" என்றாள் இளவேனில்.

"ஏனு?"

"மார்க்கெட்ல மால் இல்ல சார். அன்னைக்கு என் பின்னாடி இருந்த மூட்டையில எல்லாம் மரத்தூள். முன்னாடி இருந்த ஒண்ணுதான் நிஜம். முனியப்பண்ணன் எதையும் ஒளிக்கல. நான் சொன்னதுதான் பொய்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு, "இதை ரெகார்ட் பண்ணி, மத்த பிளான்ட்காரங்க எல்லாருக்கும் அனுப்பலாமா மேடம்? அவங்களும் சப்ளையரோட சண்டை போட்டுட்டு இருக்காங்க" என்றார் மஞ்சுநாத்.

அனுப்பினால் அது அந்த அதிகாரியின் போனுக்கும் போய்ச் சேரும். இளவேனில் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அனுப்புங்க சார்" என்று சொல்லி, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

"சரி, முனியப்பன்கிட்ட சொல்லுங்க. ஆர்டர் அவருக்கே. மால் வர்ற வரைக்கும் பார்க்கலாம்." போன் அணைந்தது.

விஜி மூட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அக்கா, அடுத்த மாசம் நமக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.  இளவேனில் முனியப்பன் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"என்னை மன்னிச்சுடுங்கண்ணா. உங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன்."

அவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.  லாரி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அன்று காலையில் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஜீப்பு முதல்ல என் கேட்டுக்குத்தான் வந்துச்சுமா, வீடியோவுல பேசச் சொல்லி. பக்கத்துல ஒரு பொண்ணு கஷ்டத்துல இருக்குது, கேட்டா சொல்லும்னு நான்தான் கை காட்டி விட்டேன்."