தொப்பிக்கு அடியில் சாம்பல்

மலக்கி டெவெனி தன் நெற்றிச் சாம்பலைக் கழுவிவிட்டது மகள் ஊனாவுக்குப் பொறுக்கவில்லை. காலைப் பூசையில் சாமியார் பெருவிரலால் இட்ட சிலுவையை, வீட்டுக்கு வந்ததும் அப்பா குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டார். கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் இட்டுக்கொள்ளும் ஒவ்வொரு சாம்பல் புதனும் இதே கதைதான். ஊனாவின் நெற்றியில் கருஞ்சிலுவை அப்படியே இருந்தது. பத்து வயதில் அதற்குப் பெருமைப்படாமல் இருக்க முடியுமா?

"அதை அழிக்கிறவங்க, இயேசுவை யாருன்னே தெரியாதுன்னு சொன்ன பேதுருவுக்குச் சமம்னு சிஸ்டர் சொன்னாங்க," என்றாள் மதியச் சாப்பாட்டில்.

"சிஸ்டர் பாலத்தைத் தாண்டியா வேலைக்குப் போறாங்க?" என்றார் அப்பா. "உருளைக்கிழங்கைத் தின்னு, புனிதவதி."

"ஒரு பேச்சு விடமாட்டா. அப்படியே உங்க தங்கச்சி," என்று அம்மா சிரித்தாள்.

வட அயர்லாந்தின் பாலிகோரன் ஊரை ஆறு இரண்டாக வெட்டியிருந்தது. இக்கரையில் கத்தோலிக்கர், அக்கரையில் புராட்டஸ்டண்டுகள், நடுப்பாலத்தில் துப்பாக்கியோடு ஆங்கிலச் சிப்பாய்கள். அக்கரை நூலாலையில்தான் அப்பாவுக்கு வேலை. அந்தக் குளிர்காலத்தில் அக்கரைக்குப் போன இரண்டு பேர் பிணமாகத்தான் திரும்பினார்கள். அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் பெரியவர்கள் பெல்பாஸ்ட் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அதனால் ஊனாவுக்குப் பாதிதான் தெரியும்.

சாப்பிட்டதும் அப்பா கணப்பருகே நாற்காலியில் கண்ணயர்ந்தார். அவருடைய ஆன்மாவுக்கு என்ன ஆகுமோ என்று ஊனா பயந்தாள். தன் நெற்றியிலிருந்து பெருவிரலில் கொஞ்சம் சாம்பல் எடுத்தாள். போதவில்லை. கணப்புக் கரியையும் தொட்டுக்கொண்டு அவர் நெற்றியில் மெல்ல ஒரு சிலுவை இட்டாள். அவர் அசையவே இல்லை.

ஆலைச் சங்கு ஊதியது. திடுக்கிட்டு எழுந்தவர், தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடிகூடப் பார்க்காமல் ஓடினார்.

கொல்லையில் துணி உலர்த்திவிட்டு வந்த அம்மாவிடம் ஊனா நடந்ததைப் பெருமையாகச் சொன்னாள். அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"அடிப்பாவி! அங்க அவரு பேரு வில்லிடி. நம்ம ஆளுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சுதுன்னா..." நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "என்னால ஓட முடியாது. நீ ஓடு. இந்த ஈரத்துணிய அவரு கையில குடு. தொப்பியக் கழட்டுறதுக்குள்ள போயிடணும், ஓடு!"

மகளின் நெற்றியை அவள் கவனிக்கவே இல்லை.

ஊனா ஓடினாள். "எங்க தீப்பிடிச்சிருக்கு பாப்பா?" என்றான் பாலத்துச் சிப்பாய்.

"எங்கப்பா கைக்குட்டைய மறந்துட்டாரு."

விட்டுவிட்டான்.

பாலத்தின் அக்கரை முனையில், கூப்பிடு தூரத்தில், அப்பாவின் முதுகு தெரிந்தது. தொப்பி தலையில்தான் இருந்தது. நிம்மதியாகக் கூப்பிட வாயெடுத்தவள் நின்றுவிட்டாள். எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. போன வாரம் இக்கரைக்காரர்கள் சுட்டுக் கொன்ற போலீஸ்காரரின் பெட்டி அது. கடைவாசல்களில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சவம் கடக்கும்போது தொப்பியோடு நிற்கிற ஆண்பிள்ளை அந்த ஊரின் எந்தக் கரையிலும் கிடையாது.

அப்பாவும் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

முதலில் பார்த்தது ஒரு கிழவர். பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தார். ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகள் திரும்பின.

"என்ன வில்லி, நெத்தியில என்னமோ ஒட்டியிருக்கு?" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

அப்பா நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்தார். பிறகு திரும்பினார். ஈரத்துணியோடு நிற்கும் மகளைக் கண்டார். அவள் நெற்றியையும் கண்டார். யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது. தொப்பியை மாட்டிக்கொண்டு, பாலத்துக்கு முதுகைக் காட்டி, அக்கரைத் தெருவுக்குள்ளேயே நடந்தார். கடைவாசலிலிருந்து மூன்று பேர் பிரிந்து அவர் பின்னால் போனார்கள்.

"அப்பா" என்று கத்த வேண்டும்போல் ஊனாவுக்கு நெஞ்சு வெடித்தது. கத்தவில்லை. அந்த ஈரத்துணியால் தன் நெற்றியைத் தோல் எரியும்வரை தேய்த்தாள்.