கால் உடைந்த செயலாளர்

மொழிச் சங்கத்தின் செயலாளர் ஏணியிலிருந்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைத்தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது. புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையின் பெயர்ப்பலகையில் ஊர்மொழி ஓர் எழுத்துகூட இல்லை. அதில் தார் பூசத்தான் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்திருந்த பொருளாளருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. ஒரு கையைத்தான் விட்டேன் என்று இன்றுவரை சாதிக்கிறார் அவர். தார் டப்பா ஒரு பக்கம், செயலாளர் ஒரு பக்கம். வலது கால் முறிந்தது.

"எழுத்தை அழிக்கப் போய் எலும்பை ஒடச்சுக்கிட்டு வந்திருக்காரு" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள் மனைவி.

ஆஸ்பத்திரியில் அந்த வார்டின் தலைமை நர்ஸ், பலகையில் இருந்த அதே மொழிக்காரர். ஐம்பது வயதிருக்கும். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம். நான்காம் நாள் காயத்துக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க கால் ரொம்ப அழுகா இருக்கு" என்றார்.

செயலாளர் அலறினார். "அழுகிடுச்சா? ஐயோ, டாக்டரைக் கூப்பிடுங்க!"

நர்ஸ் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார். "ஆமா ஐயா. ரொம்ப அழுகா."

மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. "அழகா இருக்குன்னு சொல்றாங்க. கத்தாதீங்க."

கோபப்பட வேண்டிய இடம். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் கால் வலித்தது. "அழகு. 'ழு' இல்லம்மா, 'ழ'" என்று திருத்திவிட்டு, "தேங்க்ஸ்" என்றார்.

"தேங்க்ஸ் சொல்றீங்களே, உங்க சங்கம் திட்டாதா?" என்றார் நர்ஸ்.

மறுநாள் பக்கத்துக் கட்டில் கொத்தனாருக்குத் தலை சுற்றி வாந்தி. ஒரு நாளைக்கு மூன்று வேளை போட வேண்டிய மாத்திரைகளைக் காலையிலேயே ஒன்றாக விழுங்கிவிட்டார். "சீட்டுல நம்ம மொழியில ஒண்ணும் இல்ல, என்ன எழுதியிருக்குன்னு தெரியல. அந்தம்மா மூணு விரலைக் காட்டினாங்க" என்றார். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டது. ஆனால் நர்ஸ் முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்குச் சரியா சொல்லத் தெரியல ஐயா. என் தப்பு."

முப்பது வருடமாகப் பெயர்ப்பலகைகளோடு மல்லுக்கட்டியவருக்கு இந்தச் சீட்டு ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. அதுதான் அவரைச் சுட்டது. "தப்பு உங்களுது மட்டும் இல்லம்மா" என்றார்.

மனைவியிடம் சொல்லிச் சங்கத்தின் லெட்டர்பேடை வரவழைத்துத் துண்டு துண்டாகக் கிழித்தார். நர்ஸ் விவரம் சொல்ல, அவர் எழுத, மனைவி மாத்திரை உறைகளில் ஒட்டினாள். முதல் சீட்டை நர்ஸ் கொத்தனாரிடம் நீட்டினார்.

"உணவருந்திய பின் உட்கொள்க" என்று எழுத்துக்கூட்டிப் படித்த கொத்தனார், "உட்கொள்கன்னா என்னங்க?" என்றார்.

"எனக்கும் தெரியல" என்றார் நர்ஸ்.

செயலாளர் பெருமூச்சு விட்டு அதை அடித்துவிட்டு, "சாப்பிட்டதும் போடணும்" என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் திரண்டு வந்தார்கள். நர்ஸின் பேச்சைக் கேட்டதும் பொருளாளர் குரலை உயர்த்தினார். "நம்ம மொழி தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை? இவங்களை மாத்தச் சொல்லி நாளைக்கே வாசல்ல போராட்டம்!"

செயலாளருக்கு ஊசி போட வந்த நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இவங்க போயிட்டா எனக்கு ஊசி யாருய்யா போடுவா? ஏணியையே பிடிக்கத் தெரியாத நீயா?" என்றார் செயலாளர். வார்டு முழுக்கச் சிரித்தது. "போராடுவோம். ஒவ்வொரு நோயாளிக்கும் நம்ம மொழியில சீட்டு, வர்ற நர்சுங்களுக்கு இங்கயே மொழி வகுப்பு. மனு எழுதியாச்சு. முதல் கையெழுத்து இவங்க போட்டது."

நர்ஸ் ஊர்மொழியிலேயே போட்டிருந்தார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடந்தன. பொருளாளர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பேனா கேட்டு வாங்கி, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

அச்சிட்ட சீட்டு ஆஸ்பத்திரி முழுக்க வர மூன்று மாதம் ஆனது. இப்போது புதன்கிழமைதோறும் நர்சுகளுக்கு வகுப்பு எடுக்கிறார் செயலாளர். "ஊர்ல ஆம்பளைங்க ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு சங்கத்துக்குப் போவாங்க. இவரு சங்கத்துக்குன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாரு" என்கிறாள் மனைவி.