அண்டா தேய்க்கிற பொடி

படித்துறை ஓரம்தான் நிற்க வசதி என்று பாலசமுத்திரம் ஏரியில் அங்கேயே குழாயை இறக்கிச் சேறு எடுத்து வந்திருந்தாள் பிரீத்தி. திருப்பதி ஆய்வுக்கூடத்தில் குழாயை நீளவாக்கில் பிளந்தால், நடுவே விரல் தடிமனுக்கு வெள்ளைச் சாம்பல். நுண்ணோக்கியில் கண்ணாடிச் சில்லுகளாக மின்னியது. சந்தேகமே இல்லை, எரிமலைச் சாம்பல்! எழுபத்துநான்காயிரம் வருஷத்துக்கு முன் சுமத்ராவில் வெடித்த மலையுடையது. அப்படியென்றால் அதற்குக் கீழே இருக்கும் சேறு இன்னும் பழசு.

அந்தப் பழைய சேற்றைக் கத்தியால் கிளறினாள். ஷாம்பு பாக்கெட் ஒன்று வெளியே வந்தது.

கூடத்தில் பாத்திரம் கழுவும் கமலம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஊரே பாலசமுத்திரம்தான்.

"இன்னா மேடம், பேயறைஞ்ச மாதிரி நின்னுக்கினு கீறீங்க? கோயில் ஜாத்திரை அண்டா தேய்க்கிற பொடிதானே இது! நந்தியால் பக்கம் மண்ணுல தோண்டி மூட்டை மூட்டையா அனுப்புவாங்க. வருஷா வருஷம் அந்தப் படித்துறையிலதான் தேய்ச்சுக் கழுவுவோம்."

பிரீத்தி ஷாம்பு பாக்கெட்டைத் துடைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"காலையில உங்க டிபன் பாக்ஸைக்கூட அதுலதான் தேய்ச்சேன்."

பிரீத்தி டிபன் பாக்ஸை எடுத்தாள். மூடி இடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளைத் துகளைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தாள்.

அதே சில்லுகள். அந்த டப்பாவில் வாங்கிவந்த தயிர்சாதத்தை அவள் மத்தியானமே வழித்துத் தின்று முடித்திருந்தாள்.